உள்ளங்கைச் சூடு

இதை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்குத் தெரியாது. நம்பவைக்க என்னிடம் சாட்சி யாரும் இல்லை. ஆனால் நான் சொல்லப்போவதில் ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நேரத்தையெல்லாம் அன்றைக்கே குறித்து வைத்தேன், அது என் தொழில் பழக்கம். பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, கரண்ட் போன வீடு என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு வந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு, டியூப்லைட் வெளிச்சத்தில். மூன்று வருஷமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் பயம் இல்லை. வெட்கம்.

நான் ஓர் உலோகச் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இரும்பை இழுத்துப் பார்ப்பது, அழுத்திப் பார்ப்பது, அடித்து உடைத்துப் பார்ப்பது. என் மாமனார் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. "எல்லாரும் எதையாவது செஞ்சு பொழைக்கிறாங்க. நம்ம மாப்பிள்ளை உடைச்சுப் பொழைக்கிறாரு" என்பார் மாமனார், வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய முடியும்?

என் பொறுப்பில் இருப்பது சுத்தியல் மெஷின். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம், அதில் ஊஞ்சல் போல ஆடும் கனமான சுத்தியல், சுற்றிலும் கம்பி வலை. கீழே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சதுர இரும்புத் துண்டை வைத்துச் சுத்தியலை விட்டால், அது துண்டை உடைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறும். உடைக்க எவ்வளவு சக்தி செலவானது என்று டயலில் முள் காட்டும். நல்ல இரும்பு என்றால் 'தொப்' என்று மந்தமாகச் சத்தம் வரும், துண்டு வளைந்து கிழியும். மோசமானது என்றால் 'டிங்'. கண்ணாடி டம்ளர் உடைகிற சத்தம்.

ஆனால் ஒரே இரும்பே இரண்டு விதமாகவும் நடந்துகொள்ளும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சாக்லெட்டை ஒடித்தால் பட்டென்று உடைகிறது, கொஞ்ச நேரம் வெளியே கிடந்தால் வளைகிறது, இல்லையா? அப்படித்தான். வெயிலில் எதையும் தாங்குகிற இரும்பு, குளிரில் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்துபோகும். அதனால் குளிர் அறைகளுக்குப் போகும் இரும்பை, டிரை ஐஸ் போட்ட ஆல்கஹால் தொட்டியில் மைனஸ் முப்பது டிகிரிக்குக் குளிரவைத்துத்தான் உடைப்போம். தொட்டியிலிருந்து எடுத்த ஐந்து விநாடிக்குள் சுத்தியலை விட்டாக வேண்டும். தாண்டினால் துண்டு சூடேறிவிடும், அந்தக் கணக்கு செல்லாது. இதைப் பக்கத்தில் நின்று யாரும் பார்ப்பதில்லை. எண்ணுவது நான் மட்டும்தான்.

என் மனைவியின் தம்பி ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். புதிதாகக் கட்டிய குளிர்பதனக் கிடங்கு ஒன்றில், தலைக்கு மேலே சரக்கை இழுத்துப்போகும் தண்டவாளத்தைத் தாங்குகிற கொக்கிகள் செய்யும் வேலை அவனுக்குக் கிடைத்தது. அவன் வாழ்க்கையிலேயே பெரிய வேலை அதுதான். முறைப்படி, தகடு வாங்கியதும் ஒரு மூலையை வெட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேறினால்தான் மற்றதில் கை வைக்க வேண்டும். மச்சான் அவசரக்காரன். நாற்பது கொக்கிகளையும் வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, பெயின்ட்டும் அடித்து முடித்துவிட்டு, மிச்சம் கிடந்த துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

அது வியாழக்கிழமை. மைனஸ் முப்பதில் டயல் குறைந்தது இருபத்தேழு காட்ட வேண்டும். முதல் துண்டு ஒன்பது. இரண்டாவது ஏழு. மூன்றாவது பதினொன்று. மூன்றுமே 'டிங்'.

வரவேற்பறையில் காத்திருந்தவனிடம் போய்ச் சொன்னேன்.

"தேறாதுடா."

"கொஞ்சம்கூடவா?"

"பாதிகூட வரல. வேற தகடு வாங்கித் திரும்பச் செய்."

"திங்கக்கிழமை மாட்டணும் அத்தான். இதுவும் போச்சுன்னா அப்பா மூஞ்சில முழிக்க முடியாது" என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. உச்சி குளிர்ந்துபோனேன் என்பதுதான் உண்மை. பாசத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பெருமையில் செய்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் இன்சார்ஜ் கிளம்பிய பிறகு, மிச்சத் தகட்டில் இன்னும் மூன்று துண்டுகள் அறுத்தேன். முனையில் 1, 2, 3 என்று எண் குத்தினேன். தொட்டியில் போட்டுக் குளிரவைத்தேன். முதல் துண்டை எடுத்தேன். உடைக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அறுபது வரை எண்ணினேன். கை மரத்துப்போனது, ஆனால் இரும்பு சூடேறியது. பிறகுதான் சுத்தியலை விட்டேன். தொப். முப்பத்து நான்கு. அடுத்தது முப்பத்தொன்று. அடுத்தது முப்பத்தாறு. சான்றிதழில் 'வெப்பநிலை: மைனஸ் முப்பது' என்று எழுதினேன். தொட்டியில் இருந்தது மைனஸ் முப்பதுதானே, நான் எங்கே பொய் எழுதினேன் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். உடைந்த துண்டுகளை ஒரு கவரில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை மச்சான் வந்து சான்றிதழை வாங்கிப்போனான். நடந்தது அதற்கு மறுநாள்.

சனிக்கிழமை மதியத்தோடு எங்கள் கூடம் மூடிவிடும். வேறொரு கம்பெனியின் கம்பிகள் பாக்கி இருந்ததால் நான் மட்டும் தங்கினேன். அவை இழுவை மெஷினில் செய்யும் வேலை. குளிர்த் தொட்டியை அன்று நான் தொடவே இல்லை. தொட வழியும் இல்லை, டிரை ஐஸ் வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டது. 5.40க்கு வேலை முடிந்தது. கை கழுவப் போனேன்.

5.52. குழாயை மூடியதும் ஒரு சத்தம் கேட்டது. சளசள... சளசள... ஆல்கஹாலில் டிரை ஐஸ் போட்டால் கொதிப்பதுபோல் எழுகிற சத்தம். சுத்தியல் அறையிலிருந்து வந்தது.

யாராவது திரும்பி வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். "யாரு?" என்று கேட்டபடி உள்ளே போனேன். அறையில் யாரும் இல்லை. தொட்டியின் மூடி திறந்திருந்தது. விளிம்பு வழியாக வெள்ளைப் புகை வழிந்து தரையில் படர்ந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் டிரை ஐஸ் ஒரு கட்டிகூட இல்லை.

தெர்மாமீட்டரைப் பார்த்தேன். மைனஸ் பன்னிரண்டு.

காலையில் அது அறைச் சூட்டில்தான் இருந்திருக்க வேண்டும். தெர்மாமீட்டர் பழுதாகியிருக்கும் என்று தட்டிப் பார்த்தேன். மைனஸ் பத்தொன்பது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது... இருபத்து மூன்று... இருபத்தெட்டு... 5.58க்கு மைனஸ் முப்பதில் நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

தொட்டிக்குள் கம்பிக்கூடை தொங்கிக்கொண்டிருந்தது. கூடையில் மூன்று துண்டுகள்.

இடுக்கியால் ஒன்றைத் தூக்கினேன். முழுத் துண்டு. முனையில் எண் 3. நான் குத்தியதுதான். என் கைக்கு 3 மட்டும் எப்போதும் வலப்பக்கம் சாய்ந்து விழும். அதே சாய்வு. மற்ற இரண்டும் 1, 2.

நான் உடைத்த துண்டுகள். உடையாமல்.

அறை மூலையில் இருந்த என் மேஜைக்கு ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தேன். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. கவரைக் கொட்டினேன். ஆறு பாதிகளும் இருந்தன. வியாழக்கிழமை நான் உள்ளே போட்டபோது அவற்றின் உடைந்த முகம் சாம்பல் நிறமாக, நார் நாராக இருந்தது. நன்றாகக் கிழிந்த இரும்பு அப்படித்தான் இருக்கும். இப்போது... ஆறும் சர்க்கரை மாதிரி மின்னின. 'டிங்' என்று உடைகிற இரும்புக்குத்தான் அந்த முகம்.

சரி, கிளம்பிவிடலாம் என்று திரும்பினேன். 6.04.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார்.

தடித்த நீலக் கோட்டு. கழுத்துவரை ஜிப். கைகளில் பெரிய கையுறை. மீசையிலும் புருவத்திலும் வெள்ளையாகப் பொடி... மாவு என்றுதான் முதலில் நினைத்தேன். இடப் புருவத்தின் நடுவே ஒரு பழைய வெட்டுத் தழும்பு, அங்கே மட்டும் முடி இல்லை. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. எனக்குச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"ரிப்போர்ட் வாங்க வந்தீங்களா?" என்றேன்.

"இல்ல."

"பின்ன?"

"நீங்க எண்ணுறத பாக்க வந்தேன்."

பேசியபோது அவர் வாயிலிருந்து புகை வந்தது. அந்தப் பொடி மாவு இல்லை என்று அப்போது புரிந்தது.

ஓடியிருக்கலாம். கதவு எனக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் அவர் மிரட்டவில்லை, கோபப்படவில்லை. வேலை கற்றுக்கொள்ள வந்தவர் போல மரியாதையாக நின்றார். அந்த மரியாதைதான் என்னைக் கட்டிப்போட்டது. நான் சுத்தியலைத் தூக்கி மாட்டினேன். இடுக்கியால் ஒன்றாம் துண்டை எடுத்தேன்.

"எண்ணுங்க" என்றார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

விட்டேன்.

டிங்.

டயல் எட்டு காட்டியது.

இரண்டாவது துண்டு. நான்காவது விநாடி. டிங். ஆறு.

6.11. மூன்றாவதை நான் எடுக்கவில்லை. அவர் எடுத்தார். வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர் எப்படித் தொட்டிக்கு வந்தார் என்று நான் பார்க்கவில்லை.

துண்டை உள்ளங்கையில் வைத்தார். விரல்களை மூடினார்.

"நீங்க பிடிச்ச மாதிரிதானே?"



அவர் எண்ண ஆரம்பித்தார். மெதுவாக. ஒவ்வொரு எண்ணுக்கும் புகை.

பத்து...

இருபது...

கையுறையின் மேல் பனி ஏறியது.

முப்பது... நாற்பது...

என் மூச்சும் புகையாக வந்தது.

ஐம்பது...

டியூப்லைட் அணையவில்லை. எதுவும் ஆடவில்லை. அவர் எண்ணுவது மட்டும் கேட்டது.

அறுபது.

கையைத் திறந்தார். துண்டு வெள்ளையாக உறைந்திருந்தது. அதை அவரே மெஷினில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

நான் விட்டேன்.

சத்தமே வரவில்லை.

சுத்தியல் நடுவில் எதுவும் இல்லாததுபோல் ஏறி இறங்கியது. முள் பூஜ்யத்தில் நின்றது. துண்டு இரண்டாகக் கிடந்தது.

"சொல்லிருங்க" என்றார்.

"யார்கிட்ட?"

அறையில் யாரும் இல்லை. தெர்மாமீட்டர் முப்பத்து நான்கு காட்டியது, மைனஸ் இல்லாமல். மெஷினுக்குக் கீழே தேடினேன். ஒரு துண்டும் இல்லை. கூடை காலி. மணி 6.14.

எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை. அங்கே மாமனார் குடும்பமே கூடியிருந்தது. கொக்கிகள் வண்டியில் ஏறிவிட்டன என்று மச்சான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். "அத்தான் இல்லன்னா நான் இன்னைக்கு நடுத்தெருவுல நின்னுருப்பேன்" என்றான். மாமனார் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். முதல் தடவை.

"மாப்பிள்ளை உடைக்கிறவரு மட்டும் இல்லப்பா. காப்பாத்துறவரும்தான்."

என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தண்ணி குடு" என்று கேட்டேன்.

நான் சொன்னால் போதும், கொக்கிகளைக் கழற்றியிருப்பார்கள். ஒரு போன். இன்சார்ஜுக்கோ, கிடங்குக்காரர்களுக்கோ. வேலை போயிருக்கும், மச்சான் பட்டறையை மூடியிருப்பான், மாமனார் பழையபடி சிரித்திருப்பார். அவ்வளவுதான். திங்கட்கிழமை கொக்கிகளை மாட்டினார்கள். ஒரு குளிர் அறையை ஒரே நாளில் குளிரவைக்க மாட்டார்கள், தரையும் சுவரும் விரிசல் விடும் என்று நாளுக்குக் கொஞ்சமாக இறக்குவார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் மச்சான் எனக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினான். அறை வாசலில் இருக்கும் வெப்பநிலைப் பலகை. செவ்வாய், பதினெட்டு. வியாழன், ஐந்து. 'சூப்பரா போகுது அத்தான்' என்று கூடவே ஒரு வரி. வெள்ளி, பூஜ்யம்.

அந்த இரும்பு எந்த இடத்தில் குணம் மாறும் என்று அந்த ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் நான்தான். சனிக்கிழமை மைனஸ் எட்டு வந்தபோது இன்சார்ஜின் போன் எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வெட்டிவிட்டேன். திங்கள், மைனஸ் பத்தொன்பது. அன்றும் அப்படியே. நான் பார்த்தது அசதியில் வந்த மயக்கம் என்று சொல்லிக்கொண்டேன். நாற்பது கொக்கி இருக்கிறது, பாரம் பிரிந்துதானே விழும் என்று கணக்கும் போட்டேன். படித்த படிப்பெல்லாம் எனக்குச் சாக்குச் சொல்லத்தான் உதவியது. செவ்வாய் இரவு 9.20க்குப் படம் வந்தது. மைனஸ் முப்பது. கீழே மூன்று கைதட்டல் பொம்மைகள். நானும் ஒரு கைதட்டல் அனுப்பினேன்.

புதன்கிழமை காலை 11.05க்கு ஒரு கொக்கி உடைந்தது. தண்டவாளம் ஒரு பக்கம் சரிந்து, கீழே சரக்குத் தள்ளிக்கொண்டிருந்தவர் மேல் விழுந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தேவைப்படவில்லை.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கொக்கியை வெல்டிங் வைத்தபோது நேர்ந்த தவறாக இருக்கலாம் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். கடைசியாக என் பக்கம் திரும்பி, "டெஸ்ட் முறைப்படிதானே செஞ்சீங்க?" என்று கேட்டார்கள்.

"ஆமா சார். அஞ்சு செகண்டுக்குள்ள" என்றேன்.

எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஐந்தாம் நாள் இறந்தவர் வீட்டைத் தேடிப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். மாடியில் ஒரே அறை வீடு. கிடங்கில் கூட வேலை பார்த்தவன் என்று கதவிலேயே பொய் சொன்னேன். அவர் மனைவி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அழுது முடித்துக் களைத்த முகம். போனில் அவர் படத்தை எடுத்துக் காட்டினார்.

இடப் புருவத்தின் நடுவே தழும்பு. அங்கே மட்டும் முடி இல்லை.

நான் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். இருந்தாலும் போனைக் கையில் வாங்க முடியவில்லை.

"ரொம்ப நாளா வேலை பாத்தாரா அங்க?" என்று கேட்டுவிட்டேன். கூட வேலை பார்த்தவன் கேட்கிற கேள்வியா அது? அவர் கவனிக்கவில்லை.

"ரொம்ப நாளெல்லாம் இல்லண்ணா... பத்தே நாளு. அந்தத் திங்கக்கிழமைதான் சேர்ந்தாரு. அதுக்கு முன்னாடி பேக்கரியில அடுப்படி வேலை. சூடு ஒத்துக்கலன்னு இதுக்கு மாறுனாரு. அன்னைக்குத்தான் அந்த நீலக் கோட்டே குடுத்தாங்க. போட்டுக்கிட்டு வந்து காமிச்சாரு."

தலைக்குள் நாட்களை எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.

"அதுக்கு முந்துன சனிக்கிழமை... சாயங்காலம் ஆறு மணி வாக்குல அவரு எங்க இருந்தாரு?"

எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

"இங்கதான், கீழ தெருவுல. பொண்ணுக்கு சைக்கிள் பழக்கிட்டு இருந்தாரு. சீட்டப் பிடிச்சுக்கிட்டே பின்னால ஓடுனாரு. நான் மாடியில நின்னு பாத்துட்டு இருந்தேன். இருட்டுற வரைக்கும் ஓடுனாரு."

அப்படியென்றால் நான் பார்த்தபோது அவர் சாகவில்லை. அந்தக் கோட்டைக்கூட அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை. இன்னும் பதினொரு நாள் இருந்தது.

எழுந்தேன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி பின்னாலேயே வந்தார்.

"அண்ணா... கூட இருந்தவங்கள ஒவ்வொருத்தரா கேட்டுட்டு இருக்கேன். கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

"இல்லம்மா" என்றேன். "ஒண்ணும் சொல்லல."